புகை இல்லாத காலை

தபால் அலுவலகத்திலிருந்து திரும்பும் வழியில், சர்ச் மேட்டைத் தாண்டியதும் ஆல்மாவுக்குத் தன் வீட்டுப் புகைபோக்கி தெரிந்தது. அதிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. நல்ல கெட்டியான வெள்ளைப் புகை. நேற்றுக் காலையிலேயே அவள் அணையவிட்ட அடுப்பு அது.

மணி ஒன்பதேகால். பத்து மணிக்கு வீட்டைச் சோதிக்கிற பெண் வந்துவிடுவாள்.

பாதை முழுக்க ஐஸ். ஓட முடியாது. வலது தோளை அசைக்காமல் ஒரு கையால் வேலிக் கம்புகளைப் பிடித்துப் பிடித்து நடந்தாள்.

ஆல்மாவுக்கு வயது அறுபத்தொன்று. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். தன் ஊரான லோயர் டிக்கிளிலிருந்து நாற்பது நிமிடத் தொலைவில் இருக்கும் நண்டு ஆலையில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தாள். பெல்ட்டில் ஓடிவரும் வெள்ளை நண்டுச் சதையில் ஓட்டுத் துணுக்கு ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துப் பொறுக்குவதுதான் வேலை. இரண்டு பக்கமும் நிற்கிறவர்கள் நாள் முழுக்கப் பேசுவார்கள். அவள் பேசமாட்டாள். புதிதாக வந்த ஒருத்தி, ஆல்மா ஊமை என்றே ஒரு வாரம் நினைத்துக்கொண்டிருந்தாள். வீட்டில் ஃபோன் அடித்தாலும் ஆல்மா எடுக்கமாட்டாள். அது ஓயும்வரை பார்த்துக்கொண்டு நிற்பாள். அதெல்லாம் கணவன் ஆம்ப்ரோஸின் வேலையாக இருந்தது. ஆம்ப்ரோஸ் இறந்து நாலு வருடம் ஆகிறது.

அவன் போன பிறகு விறகு அவள் தலையில் விழுந்தது. சென்ற நவம்பரில் தோள் போயிற்று. இனி விறகைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டைச் சூடாக்கும் எண்ணெய் உலைக்குப் போகலாமென்றால், அதன் தொட்டி துருப்பிடித்துவிட்டது, இனி நிரப்பமாட்டோம் என்று எண்ணெய் வண்டிக்காரர்கள் கைவிரித்துவிட்டார்கள். நாட்டின் மறுகோடியில், ஆல்பர்ட்டாவில் இருக்கும் மகள் ட்ரூடி ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள்: "செப்டம்பருக்குள்ள வீட்டுக்கு வேற வழி பண்ணலன்னா, டிக்கெட் அனுப்புறேன். வந்து சேரு. அந்தக் குளிர்ல உன்னைத் தனியா விடமாட்டேன்."

ஆல்மாவுக்கு ஆல்பர்ட்டா வேண்டாம். இந்த வீடு போதும்.

ட்ரூடி கேட்ட அந்த வேறு வழிதான் ஹீட் பம்ப், மின்சாரத்தில் வீட்டைச் சூடாக்கும் மெஷின். சுவரில் மாட்டிவிட்டால் விறகும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம். அரசாங்கம் பெரும்பங்கைக் கொடுக்கிறது. ஆனால் மெஷின் மாட்டுவதற்கு முன்னால் ஒருவர் வந்து வீட்டை அளந்து, எங்கே சூடு போகிறது என்று பார்த்து அறிக்கை எழுதவேண்டும். அது மார்ச் முப்பத்தொன்றுக்குள் போய்ச் சேர்ந்தால் மெஷின் உண்டு. சேராவிட்டால் திட்டம் முடிந்தது. இன்று வெள்ளிக்கிழமை, இருபத்தெட்டு.

பேச வேண்டியதை ஒரு காகிதத்தில் எழுதிவைத்து, மூன்று தடவை வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் அவள் ஃபோன் செய்திருந்தாள். எடுத்தவள் பெயர் ரோண்டா. "முக்கியமா ஒண்ணு, முதல் நாளே அடுப்பை அணைச்சுடணும். ஒரு கங்குகூட இருக்கக்கூடாது. நான் வாசல்ல விசிறி வச்சு வீட்டுக் காத்தையெல்லாம் வெளிய இழுப்பேன். தீ இருந்தா புகைபோக்கி தலைகீழா வேலை செய்யும். புகை, பொறி எல்லாம் அடுக்களைக்குள்ள வந்துடும்" என்றாள்.

இதை ஆல்மா ஊரில் ஒருவரிடமும் சொல்லவில்லை. கேட்டுக் கிடைக்காமல் போனால் ஆளாளுக்கு விசாரிப்பார்களே என்ற கூச்சம்.

லோயர் டிக்கிளில் காலையில் எழுந்தவர்கள் கெட்டிலைப் போடும் முன்பே எதிர்வீட்டுப் புகைபோக்கியைப் பார்ப்பார்கள். எட்டு மணிக்கும் புகை இல்லையென்றால் ஆள் விழுந்து கிடக்கிறது என்று பொருள். கதவைத் தட்டாமல் உள்ளே போய்ப் பார்க்கவேண்டியதுதான். இதை அவள் எப்படி மறந்தாள்?

கதவைத் திறந்தாள். எதிர்வீட்டு லியாண்டர் அடுப்பின் முன்னால் கைகளைத் தேய்த்துக்கொண்டு நின்றார். எழுபத்தெட்டு வயது. முகமெல்லாம் பெருமை.

"எங்க போன புள்ள? எட்டு மணிக்குப் பாத்தேன், புகை இல்ல. எட்டரைக்கும் இல்ல. செத்துக் கெடக்கிறியோன்னு செருப்பு மாத்தாமகூட ஓடி வந்தேன். வீடு ஐஸ் பெட்டியாட்டம் கெடக்கு. தோள்வலியில விறகு தூக்க முடியலபோலன்னு என் வீட்டு பிர்ச் கட்டையவே நாலு போட்டுட்டேன். பொழுது சாயிறவரைக்கும் நின்னு எரியும்!"

ஆல்மா எரிகிற அடுப்பையே பார்த்தாள்.

"என்ன முழிக்கிற? நல்லா இருக்கு மாமான்னு ஒரு வார்த்தை சொன்னா பல்லு கொட்டிடுமா?"

"மாமா... இன்னைக்கு அடுப்பு எரியக்கூடாது." மிச்சத்தையும் ஒரே மூச்சில் சொல்லிமுடித்தாள்.

லியாண்டர் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். "இதை நேத்தே சொல்லியிருந்தா என்ன? வாயத் தச்சா வச்சிருந்த?"

வெளியே வண்டி வந்து நின்றது. இருபது நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டாள். ரோண்டா உள்ளே வரும்போதே சொன்னாள். "ஆல்மா அத்தை, புகை வருதே."

லியாண்டர் எழுந்து தொப்பியைக் கழற்றினார். "தப்பு என்னுதும்மா. இவமேல இல்ல."

"யாரு தப்புன்னு எழுதறதுக்கு என் படிவத்துல இடமில்லையே, மாமா. எரியற அடுப்போட விசிறியப் போட்டா என் லைசென்ஸ் போயிடும். மறுபடி இந்தப் பக்கம் வர ஏப்ரல் பதினாலு ஆகும்."

ஏப்ரல் பதினாலு. ஆல்மா தரையைப் பார்த்தாள். வாழ்நாள் முழுக்க இப்படிப்பட்ட இடத்தில் அவள் "சரி" என்றுதான் சொல்லியிருக்கிறாள். இப்போதும் அதுதான் நாக்கு நுனியில் வந்து நின்றது.

"விசிறிய... கடைசில வைக்க முடியாதா?" என்று அவள் கேட்டாள். "பரண், சுவரு, ஜன்னல் எல்லாம் முதல்ல பாருங்க. அதுக்குள்ள அடுப்பைக் காலி பண்ணிடுறேன்."

ரோண்டா கடிகாரத்தைப் பார்த்தாள். "பன்னெண்டு மணி வரைக்கும் டைம். அப்போ ஒரு கங்கு சிவப்பாத் தெரிஞ்சாலும் சாமானைக் கட்டிடுவேன். அதுக்கப்புறம் கேக்கக்கூடாது." ஏணியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள்.

லியாண்டர் ஒரு வாளித் தண்ணீரோடு அடுப்பை நெருங்கினார்.

"ஊத்தாதீங்க!"

அந்தச் சத்தம் தன்னுடையதுதானா என்று ஆல்மாவே திடுக்கிட்டாள். மாடியில் ஏணி ஆடி நின்றது. "காஞ்ச இரும்பு மாமா. பிளந்துடும்."

"அடேயப்பா," என்றார் லியாண்டர், வாளியைக் கீழே வைத்துவிட்டு. "இவளுக்குத் தொண்டை இருக்கு."

எரியும் கட்டைகளை இடுக்கியால் பிடித்து ஒவ்வொன்றாக அவர் வெளியே கொண்டுபோனார். பனியில் விழுந்ததும் அவை சீறின. அடுக்களையெல்லாம் புகை, கண் எரிந்தது. பிறகு கங்குகள். ஆல்மா இடது கையால் தகரக் கரண்டி பிடித்து அள்ளிச் சாம்பல் வாளியில் போட, அவர் தூக்கிக்கொண்டு போனார். ஐந்தாவது நடையில் அவருக்கு மூச்சு வாங்கியது.

"உக்காருங்க மாமா. நீங்க விழுந்தா அதுக்கு வேற ஆள் பாக்கணும்."

"விழுந்தா பனியிலதான விழுவேன்? கெட்டுப் போகமாட்டேன். அள்ளு."

பதினொன்றரைக்குச் சாம்பலும் காலியானது. அடுப்புக்குள் கறுத்த செங்கல் மட்டும் மிஞ்சியது. பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ரோண்டா வந்து குனிந்து டார்ச் அடித்தாள். மூலைமூலையாகப் பார்த்தாள்.

"சுத்தமா இருக்கு. விசிறிய மாட்டிடலாம்."

லியாண்டர் பெருமூச்சு விட்டார். ஆல்மாவும் குனிந்து பார்த்தாள், பழக்கதோஷம். டார்ச் வெளிச்சம் விலகியதும் இடதுபக்க இரண்டாம் செங்கல்லின் பின்னால், நூல் கனத்தில், ஒரு இளஞ்சிவப்பு. நண்டுச் சதையில் ஒட்டிய ஓட்டுத் துணுக்கைவிடப் பெரிதில்லை. அவள் பார்த்திருக்காவிட்டால் யாருக்கும் தெரிந்திருக்காது.

ஐந்து நிமிடம்தான் இருக்கிறது. சொன்னால் மெஷின் கைவிட்டுப் போகலாம். சொல்லாமல் இருந்தால், விசிறி இழுக்கிற இழுப்பில் அது என்ன செய்யும்?

"ஒண்ணு இருக்கு," என்றாள்.

"எங்க? எனக்குத் தெரியலையே."

"இருக்கு."

நண்டு உடைக்கும் சின்ன வளைகத்தியை எடுத்துவந்து செங்கல் இடுக்கில் விட்டாள். தோள் விண்ணென்று வலித்தது. கங்கு ஒரு தடவை நழுவி உள்ளே போனது. இரண்டாம் தடவை கத்தி முனையில் ஏறிவந்தது, பட்டாணி அளவு கங்கு. லியாண்டர் வாளியை நீட்டினார்.

சுவர்க் கடிகாரம் பன்னிரண்டைத் தாண்டி நாலு நிமிடம் காட்டியது. ரோண்டா கத்தியைப் பார்த்தாள், ஆல்மாவைப் பார்த்தாள். பிறகு தரையில் உட்கார்ந்து விசிறியைப் பொருத்தும் சிவப்புத் துணியைப் பிரித்து வாசல் நிலையில் மாட்டத் தொடங்கினாள்.

விசிறி சுழன்றதும் வீடு முழுக்க ஒரு முனகல் எழுந்தது. ஜன்னல் சட்டத்திலிருந்தும் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியிலிருந்தும் குளிர்காற்று பீறிட்டது. மூன்று பேரும் அடுப்புக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். இடுக்கிலிருந்து மெல்லிய சாம்பல் ஒரு இழையாக வெளியே வந்தது. ஆல்மா கையைப் பிசைந்தாள். இழை வளைந்து, தரையில் படிந்து, நின்றுவிட்டது.

"அத்தை, ஒரு ஜன்னலை முழுசாத் திறந்து வச்ச மாதிரி இருக்கு இந்த வீடு," என்றாள் ரோண்டா எழுதிக்கொண்டே.

"அதானே பாத்தேன்," என்றார் லியாண்டர். "இவ வைக்கிற சூப்பு என் வீட்டுல மணக்கும்."

அறிக்கையை அனுப்ப இங்கே சிக்னல் கிடையாது. சர்ச் மேட்டுக்குத்தான் போகவேண்டும். "போய்ச் சேந்துட்டா ரெண்டு தடவை ஹாரன் அடிக்கிறேன்," என்று சொல்லிவிட்டு ரோண்டா கிளம்பினாள்.

இருவரும் கோட்டோடு அடுக்களை ஜன்னலில் நின்றார்கள். மேட்டில் வண்டி நின்றது. பத்து நிமிடம். கால் மணி. ஆல்மாவின் மூச்சு கண்ணாடியில் படிந்து படிந்து மறைந்தது. அப்புறம் ஒரு ஹாரன். அதோடு நின்றது. லியாண்டர் அவளைப் பார்த்தார். அவள் அசையவில்லை.

இரண்டாவதும் அடித்தது.

ஆல்மா நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள். லியாண்டர் எதிரே தன் வீட்டைப் பார்த்தபடி கேட்டார். "சரி, மெஷின் வந்துடும். உன் புகைபோக்கி செத்துப்போகும். நீ உசுரோட இருக்கியான்னு நான் எதைப் பாத்துத் தெரிஞ்சுக்கறது?"

அவள் யோசித்தாள். "தினம் ஏழு மணிக்கு ஃபோன் பண்றேன்."

"நீயா? எடுத்தா என்ன பேசுவ?"

"எடுக்காதீங்க. ரெண்டு தடவை மணி அடிச்சதும் வச்சுடுறேன்."

லியாண்டர் சிரித்துச் சிரித்து இருமினார். "சரி சரி. இப்போவாவது அடுப்பப் பத்தவைக்கலாமா, இல்ல அதுக்கும் படிவம் இருக்கா?"

"பத்தவைங்க மாமா. ஆனா உங்க கட்டையெல்லாம் பனியில ஊறிக் கெடக்கு. வேற கொண்டாங்க."