ஆயா பிடித்த சைக்கிள்

பெருங்குடியில் எங்கள் அபார்ட்மெண்ட் வாசலில் ஒருவர் மகளுக்கு சைக்கிள் பழக்கிக்கொண்டிருந்தார். “விட்றாதீங்கப்பா” என்றாள் அவள். எனக்கு அம்மாவும் ஆயாவும் நினைவுக்கு வந்தார்கள்.

இதே பெருங்குடி அப்போது வயல் சூழ்ந்த சின்ன ஊர். அம்மாவுக்குத் தரமணியில் தையல் வேலை கிடைத்திருந்தது. போய்வர சைக்கிள் வேண்டும். “பொம்பளைக்கு இன்னாத்துக்கு சைக்கிளு?” என்று அப்பா தடுத்தார். அவரைப் பெற்ற ஆயாவோ, அவர் வேலைக்குக் கிளம்பியதும் வாடகைக்கு ஒரு லேடீஸ் சைக்கிள் எடுத்து, மருமகளை ஏரிக்கரைக்கு அழைத்துப் போனாள்.

“நீ பெடலை மெறி. நான் புட்சிக்கினு கீறேன்.”

ஒரு வாரம் ஆயா சீட்டைப் பிடித்தபடியே ஓடினாள். நானும் கூடவே ஓடினேன். “வுடு அத்தே, எனக்கு வந்துட்ச்சி” என்று அம்மா கெஞ்சியும் அவள் விடவில்லை. ஒருநாள் ஆயா கல் தடுக்கி விழுந்துவிட்டாள். அம்மா பதறி, சைக்கிளைத் திருப்பித் தனியாகவே ஓட்டிக்கொண்டு அவளிடம் வந்து சேர்ந்தாள். முட்டியில் ரத்தம் வழிய ஆயா சிரித்தாள்.

மாலையில் அப்பா காயத்தைப் பார்த்தார். “இன்னாம்மா ஆச்சு?”

“உம் பொண்டாட்டிக்கு சைக்கிள் கத்துக்குட்த்தேன். நாளைக்கு வேலைக்குப் போறா.”

மறுநாள் காலையில் அந்த வாடகை சைக்கிளை அப்பாவே எடுத்துவந்து, அம்மாவின் உயரத்துக்கு சீட்டை இறக்கிக்கொண்டிருந்தார்.