ஞானமுத்து அண்ணாச்சியின் மூக்கு

முகத்துவாரத்தில் எண்ணெய் மிதந்து வந்து வலையெல்லாம் கறுத்துப்போன மழை உங்களுக்கு நினைவிருக்கும். அது முடிந்து அடுத்த மழையும் வந்து போய், எங்கள் தெருவில் புதுக் குடிநீர்க் குழாய் புதைத்து, என் கடைசிப் பேத்தி சீருடை போட்டுப் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வருஷம் இது. எனக்கு வருஷத்தை எண்ணில் சொல்ல வராது. இப்படித்தான் வரும். வெயில் ஏறாத ஒரு காலையில் காசிமேட்டில் நெத்திலிக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது சட்டைப்பையில் போன் அடித்தது. ரோஸ்மேரி. என்னை அவர் எத்தி என்றுதான் கூப்பிடுவார்.

"எத்தி, மீன் வாங்கினது போதும். கையக் கழுவிட்டு வா. முத்து போய்ட்டான் மேன். தூக்கத்துலயே."

நெத்திலிக்காரம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னா நைனா, யாரு?" என்றாள். "தோஸ்து" என்றேன். மீனைக் கூடையில் திருப்பிக் கொட்டிவிட்டு, கை கழுவ அவளே தண்ணீர் ஊற்றினாள்.

அடக்க ஆராதனையில் பேசியவர்கள் அண்ணாச்சியைத் தங்கமானவர் என்றார்கள், தர்மவான் என்றார்கள். இருக்கலாம். ஆனால் அவரோடு ஞாயிற்றுக்கிழமைகளில் மாடியில் உட்கார்ந்த எங்களுக்கு அப்படிப் பேச வாய் வராது. நீ மோந்து பார்க்காத வாசனையைச் சொல்லாதே என்பது அவர் போட்ட சட்டம். ஆகவே என் மூக்குக்கும் கண்ணுக்கும் எட்டியதை மட்டும் சொல்கிறேன். நான் சொல்லச் சொல்ல எங்கள் மாடிக் கூட்டத்துக் கவிதா எழுதுகிறாள். போன் கூட்டத்தில் இருக்கும் உங்களில் பலருக்கு அண்ணாச்சி போனில் வந்த குரல்தான். உங்களுக்காகக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

ராயபுரத்தில் அவருக்குக் கடை. துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்குக் கயிறு, பெயின்ட், அரிசி, வெங்காயம், சோப்பு, எது கேட்டாலும் வாங்கிக் கொடுப்பார். ஊர் நாசரேத் பக்கம். இங்கே அரை ஆயுசு இருந்தும் பேச்சில் 'வே' போகவில்லை. நான் துறைமுக இழுவைப் படகில் சுக்கானியாக இருந்தேன். கயிறு வாங்கப் போய்த்தான் பழக்கம். வேலையிலிருந்து ஓய்ந்தபிறகு, கயிறு வாங்காமலும் போய் உட்கார்ந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், "மேல வாரும்வே, ஒண்ணு காட்டுறேன்" என்று மாடிக்கு அழைத்துப் போனார்.

மேலே ஒரு மேஜை, சின்னச் சின்னக் கண்ணாடிக் கிண்ணங்கள், தண்ணீர், டீஸ்பூன். ரோஸ்மேரி உட்கார்ந்திருந்தார். கப்பல் கம்பெனியில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்ற ஆங்கிலோ இந்தியப் பெண்மணி. வேறு இரண்டு பேரும் இருந்தார்கள், பழைய கப்பல்காரர்கள். மேஜை நடுவில் ஒரு பாட்டில், அண்ணாச்சி பேரனின் கிரிக்கெட் சாக்ஸை மாட்டிக்கொண்டு நின்றது. அட்டை தெரியக்கூடாதாம்.

"எனக்கு எதுக்கு அண்ணாச்சி சாக்ஸு? தொறந்து காட்னாலும் நான் படிக்கப் போறதில்ல" என்றேன்.

"அதுல எழுதியிருக்கத நம்பிக் குடிக்கிறவனுக்கு இந்த மாடியில எடம் கெடையாதுவே. உக்காரும்."

அது ஸ்காட்லாந்து விஸ்கி. ஆனால் கடைகளில் பெயர் சொல்லிக் கேட்கும் விஸ்கி இல்லை. காய்ச்சுகிறவனிடம் ஒரே ஒரு பீப்பாயை விலைக்கு வாங்கி, வேறொரு வியாபாரி தன் பெயரில் பாட்டிலில் அடைத்தது. இன்னொரு பீப்பாயோடு கலக்க மாட்டான், நிறம் சேர்க்க மாட்டான். பல பாட்டில்களில் காய்ச்சியவன் பெயரே இருக்காது. அந்தப் பீப்பாய் தீர்ந்தால் அந்த ருசி உலகத்தில் மறுபடி கிடையாது. அண்ணாச்சிக்கு அந்த வியாபாரிகள்மேல் ஒரு பாசம். "அவனும் நம்ம ஆளுவே. ஒருத்தன் செஞ்சத வாங்கி, நல்லதா பொறுக்கி, இன்னொருத்தன் கையில குடுக்கான். கூட ஒண்ணும் சேக்காம குடுக்கான் பாத்தீரா, அதுதான் யாவாரம்" என்பார். வெளிநாடு போய் வருகிற பிள்ளைகள், பழைய மாலுமிகள் என்று யாராவது ஒரு பாட்டில் கொண்டுவருவார்கள். கிண்ணத்தில் விரல்கடை உயரத்துக்கு ஊற்றி, அதையே பொழுது சாயும்வரை மோந்துகொண்டிருப்போம். என் சம்சாரத்துக்கு இது கடைசிவரை புரியவில்லை. "குடிக்கிறவன் குடிச்சிட்டுப் போவான். இதுங்க மோந்துக்கினே கீதுங்க" என்று தெருவில் சொல்லிச் சிரிப்பாள்.

அட்டையில் 'ஹெதர் பூ வாசனை' என்று போட்டிருக்கும். "அந்தப் பூவ இங்க யாராவது கண்டிருக்கியளா? இல்லைல்லா? அப்ப வாய மூடும்" என்பார். மழையில் நனைந்த மர பெஞ்சு, டிங்சர் போட்ட பஞ்சு, அணைத்த மெழுகுவத்தி, தார்க்கயிறு: எங்கள் பாஷை இப்படி வளர்ந்தது. எனக்குப் புகை வாசனை எது வந்தாலும் கருவாடு என்றுதான் வாயில் வரும். "உமக்கு எல்லாமே கருவாடாவே? உம்ம வீட்டுல குழம்ப மாத்தச் சொல்லும்" என்று கிண்டல் செய்வார். சட்டத்தில் கறாரும் உண்டு. ஒருமுறை சின்ன வயசு ஆபீசர் ஒருவர் போனைப் பார்த்து வாசனை வாசனையாக வாசித்தபோது, அண்ணாச்சி அவர் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கி வைத்துவிட்டார். அந்த மனிதர் அப்புறம் வரவில்லை.

பிறகு ஊரெல்லாம் அடைத்துக் கிடந்த காய்ச்சல் காலம் வந்தது. அண்ணாச்சிக்கும் வந்தது, பிழைத்து எழுந்தார். மாடிக் கூட்டம் மறுபடி தொடங்கியது. கவிதா அப்போதுதான் சேர்ந்திருந்தாள். வியாசர்பாடிப் பெண், மணலியில் ஒரு தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கீழே கிடங்கில் டர்பன்டைன் டின் சாய்ந்து கொட்டிவிட்டது. படியேறி வந்த நாங்கள் மூன்று பேரும் மூக்கைப் பொத்திக்கொண்டு இருமினோம். அண்ணாச்சி ஜன்னலோரம் கிண்ணத்தை மூக்கருகே வைத்து, கண்ணை மூடி, "மெழுகு... கொஞ்சம் தேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

கவிதா அவர் வேடிக்கை செய்கிறார் என்று நினைத்துச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. ரோஸ்மேரியும் சிரிக்கவில்லை. கவிதா கீழே தரையைத் துடைக்க ஆள் தேடிப் போனதும் கேட்டேன்.

"அண்ணாச்சி, கீழ டர்பன்டைன் கொட்டிக்கீது. ஆளே மயங்கி வுழுவான் போல கீது. உங்களுக்கு ஒண்ணும் தெர்லயா?"

கிண்ணத்தைக் கீழே வைத்தார். "காய்ச்சல்ல போச்சுவே. சோறும் மண்ணும் ஒண்ணுபோலத்தான் இருக்கு. டாக்டரு வரும்ங்காரு, வராமலும் போவும்ங்காரு. நீங்க சொன்னதையே ரெண்டு ரெண்டா எடுத்துத் திருப்பிச் சொல்லிட்டு இருந்தேன்." மேஜையிலிருந்த பாட்டிலைத் தள்ளி வைத்து, "நான் போட்ட சட்டத்துக்கு நானே துரோகி. பாட்டில எல்லாம் பகிர்ந்து குடுத்துருதேன். இனி இந்த மாடி வேண்டாம்" என்றார்.

மனைவி போன பிறகு அவருக்கு வாரம் என்பதே அந்த ஞாயிறுதான். எங்களுக்கும் அப்படித்தான். ரோஸ்மேரி அவரை விடவில்லை.

"இன்னா மேன், பெரிய தியாகியா நீ? எனக்கு ரெண்டு முட்டியும் போச்சு. அதுக்காக ராயபுரத்த வித்துட்டேனா? படி ஏறி வரல? மூக்குதான போச்சு. தேடலாம் வா."

அன்று முதல் தேடினோம். அண்ணாச்சியிடம் அனுமதி வாங்கிக் கவிதா இந்த விஷயத்தைப் போனில் இருக்கும் விஸ்கிக் கூட்டத்தில் போட்டாள். உங்களிடம்தான். நீங்கள் அன்று செய்ததை நான் மறக்கவில்லை. கொழும்பு வாத்தியார் ஒருவர், புனேயில் ஒரு நர்ஸ், ஸ்காட்லாந்தில் பஸ் ஓட்டி ஓய்ந்த ஒரு கிழவர், முகம் பார்க்காத இத்தனை பேர் ஒரு மனிதனின் மூக்குக்காகக் குரல் அனுப்பினார்கள். தெரிந்த வாசனைகளில் நாலைந்தை எடுத்துக்கொள், காலையும் மாலையும் மோந்து பார், வராவிட்டாலும் அது எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டே மோந்து பார் என்று அந்த பஸ்காரக் கிழவர் சொன்னதைக் கவிதா தமிழில் சொன்னாள். அவருக்கும் அதே காய்ச்சலில் மூக்குப் போயிருந்ததாம். அண்ணாச்சி கிராம்பு, எலுமிச்சை, காப்பித்தூள், தார்க்கயிறு என்று எடுத்துக்கொண்டார். காலையில் எழுந்ததும் நான் போன் செய்வேன். "இன்னா வருது?" "ஒண்ணும் வரலவே." மறுநாளும் அதே பேச்சு. மழைக்காலம் முழுக்க அதே பேச்சு.

மணலி புதுநகரில் ரோஸ்மேரியின் தங்கை மகள் வீட்டில் ஒருநாள் விருந்து. அண்ணாச்சி, ரோஸ்மேரி, நான் மூவரும் திருவொற்றியூரில் பஸ் ஏறினோம். வழியில் காற்று திரும்பியது. எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு அது தெரியும். எங்கிருந்து என்று சொல்ல முடியாது. அழுகிய முட்டையும் அடுப்பு காஸும் கலந்த மாதிரி திடீரென்று வந்து தொண்டையில் உட்காரும். பஸ்ஸே முந்தானையிலும் துண்டிலும் முகத்தைப் புதைத்தது. அண்ணாச்சி மட்டும் கழுத்தை நீட்டினார். ஜன்னல் பக்கம் திரும்பினார். கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தே விட்டார்.

"நாறுதுவே! சுக்கானி, நாறுதுவே!"

கண்டக்டர், "பெர்சு, நாறுறது எங்களுக்குத் தெரியாதா? குந்து!" என்று கத்தினார்.

"ஐயோ, எனக்கு நாறுதுய்யா!" என்று அண்ணாச்சி அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் கண்ணில் தண்ணீர். அது காஸால் வந்ததா என்று நான் கேட்கவில்லை. ரோஸ்மேரி கர்சீப்புக்குள்ளேயே சிரித்தார், சிரிப்பும் இருமலுமாக.

முன் சீட்டில் கைக்குழந்தையோடு ஒரு பெண். திரும்பி, "உனுக்கு சந்தோசமா கீது. எங்களுக்கு டெய்லி இதான். கொயந்தைக்கு நெஞ்சு கட்டிக்கினு கீது" என்றாள். அண்ணாச்சியின் சிரிப்பு அப்படியே நின்றது. "தப்புதான் தாயி. இது தொலையணும். எம் மூக்கு செத்துக் கிடந்தது, அதான் கத்திப்புட்டேன்" என்றார். அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். "செத்த மூக்கு எழுந்து வர்றதுக்கு வேற ஊரே கெடைக்கலியா?" என்றாள். பஸ்ஸில் அதற்குச் சிரிக்காதவர் இல்லை. அவளும் சிரித்தாள்.

செய்தி போனதும் ஸ்காட்லாந்துக் கிழவரிடமிருந்து ஒரு நீளமான சிரிப்பு வந்தது. தனக்கு முதலில் திரும்பி வந்தது வீட்டு வாசல் சாக்கடை என்றார்.

அடுத்த ஞாயிறு அண்ணாச்சி, காய்ச்சியவன் பெயர் இல்லாத ஒரு பாட்டிலைத் திறந்தார். யாருக்கோ கொடுத்துவிட எடுத்து வைத்திருந்தது அது. எங்களுக்கெல்லாம் அதில் பலாச்சுளை வந்தது, மெழுகு வந்தது. வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தோம். அவர் வெகுநேரம் மோந்தார். "ஈரச்சாக்கு" என்றார். "வேற ஒண்ணும் இல்ல. ஆனா ஈரச்சாக்கு இருக்கு."

"ஈரச்சாக்குக்கே மூஞ்சி இப்பிடின்னா, பலாப்பழம் வந்தா டான்ஸ் ஆடுவான்" என்றார் ரோஸ்மேரி.

பலா பிறகு வந்தது. எலுமிச்சை வந்தது. வெண்ணிலா கடைசிவரை வரவேயில்லை. ஆனால் அந்த ஈரச்சாக்கு நாளில் மாடியின் சட்டம் மாறிப்போனது. "தெரியாதத சொல்லாத" என்று கறாராக இருந்தவர், "வந்தத சொல்லும், அது ஒண்ணே ஒண்ணா இருந்தாலும் போதும்" என்று சொல்ல ஆரம்பித்தார். கிண்ணத்தை வாங்கி வைத்தாரே, அந்த ஆபீசரின் போன் நம்பரைத் தேடிப்பிடித்துக் கூப்பிட்டு வரவழைத்தார். கவிதா தன் கணவனையும் ஒரு சிநேகிதியையும் கூட்டிவந்தாள். நாற்காலி போதாமல் கயிற்றுச் சுருள்மேல் உட்கார்ந்தார்கள். அவர் கடைசியாக இருந்த ஞாயிறு அந்த மாடியில் நான் பார்த்ததிலேயே பெரிய கூட்டம்.

அவர் போன பிறகும் கூடினோம். மகன் மாடிச் சாவியைக் கவிதாவிடம் கொடுத்துவிட்டான். புதிதாக வந்த ஒருவர், கன்டெய்னர் லாரி ஓட்டுபவர், கிண்ணத்தை மோந்துவிட்டுத் தயங்கினார். "கலீஜா ஒண்ணு வருது. சொல்லலாமா?" என்றார். மாடி முழுக்க ஒரே குரலில், "சொல்லு!" என்றது. "மழையில நனைஞ்ச நாயி" என்றார். மறுபடி மோந்து பார்த்தோம். நாய்தான்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது பாட்டில் இல்லை. விடிந்ததும் கதவைத் திறந்து கடல் பக்கம் பார்த்து நிற்கிறேன். உப்பு, டீசல், யாரோ வீட்டுக் காப்பி, சில நாள் அந்த முட்டை. வந்ததை வந்தபடி ஒருவரிடம் சொல்கிறேன். மாடியில் நான் ஏறிய முதல் நாள் மேஜையைச் சுற்றி இருந்தவர்களில் கப்பல்காரர்கள் இருவரும் எப்போதோ போய்விட்டார்கள். இப்போது அண்ணாச்சியும். என்னை விட்டால் மிச்சம் ஒருவர்தான். முட்டி வலியோடு எனக்கு முன்னாலேயே எழுந்து, போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பவர், எடுத்ததும் "சொல்லு மேன், இன்னிக்கு இன்னா வருது?" என்று கேட்பவர், ரோஸ்மேரி.