உண்ணாமலையின் காலுக்கு யார் பொறுப்பு?

உண்ணாமலை சித்தாள். கல்யாணமான மறுவாரமே கலவைச் சட்டியைத் தலையில் ஏற்றியவள். பிள்ளைப்பேற்றுக்கு நின்றதைத் தவிர வேறெதற்கும் வேலைக்குப் போகாமல் இருந்ததில்லை. அறந்தாங்கிப் பக்கம் எங்கே கட்டடம் எழும்பினாலும் மேஸ்திரி சோலையப்பனின் ஆட்களோடு அவளும் அவள் புருஷன் திருப்பதியும் போவார்கள். திருப்பதி கொத்தனார். வாரக் கடைசியில் இரண்டு பேர் கூலியையும் சேர்த்துத் திருப்பதியின் கையில் கொடுப்பான் சோலையப்பன். சோடிக் கூலி என்று அதற்குப் பெயர். காலையில் ஆள் எண்ணும்போதும் "திருப்பதி சோடி" என்றுதான் எண்ணுவார்கள். உண்ணாமலை என்று ஒருத்தி இருப்பதாக அந்த எண்ணிக்கையில் தெரியாது. அதில் குற்றம் இருப்பதாக அவளுக்கும் தோன்றியதில்லை.

1957-ல் கடைத்தெருவில் ஒரு மாடிக் கட்டடம். மேல்சுவர் பூசுவதற்குச் சவுக்குக் கம்பில் சாரம் கட்டியிருந்தார்கள். கட்டிய தேங்காய்நார்க் கயிறு முந்தின கட்டடங்களிலும் உழைத்துச் சலித்த கயிறு.

"கயிறு நைஞ்சு கெடக்கு மேஸ்திரி" என்றாள் உண்ணாமலை.

"நீ என்ன ஆனையா? ஏறு ஆத்தா."

கீழே நின்றவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்துக்கொண்டே ஏறினாள். சட்டியை இறக்கக் குனிந்தபோது முடிச்சு அறுந்து, பலகையோடு செங்கல் குவியலின் மேல் வந்து விழுந்தாள். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து கால் கோணிக் கிடந்தது.

கூப்பிடு தூரத்தில் கவர்மென்ட் ஆஸ்பத்திரி. அவளை ஏற்றிய வண்டியைச் சோலையப்பன் அங்கே விடவில்லை.

"ஆஸ்பத்திரின்னா எப்படி விழுந்தேன்னு எழுதுவான், போலீசு வரும். ஒங்களுக்குத்தான் அலைச்சல். நம்ம வைத்தியர் கட்டுனா ஒரு மாசத்துல நடப்பா. செலவு என்னோடது" என்றான். திருப்பதி தலையாட்டினான்.

எலும்பு கட்டும் வைத்தியர் மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டினார். மறுநாளே விரல்கள் வீங்கின. பிறகு நீலம் பாரித்தன. பிறகு சில்லிட்டுப்போயின. "கட்டு பிடிக்குது" என்றார்கள். கட்டுக்குக் கீழே விரல் குளிர்ந்தால் அந்தக் கணமே கட்டை அவிழ்க்க வேண்டும். இதற்கு டாக்டர் படிப்பு தேவையில்லை, கண்ணும் கொஞ்சம் அக்கறையும் போதும். ஒரு வீடு நிறைய ஆட்கள் வந்து பார்த்தார்கள், பழம் கொடுத்தார்கள், போனார்கள். ஒருவர்கூட அந்த விரலைத் தொட்டுப் பார்க்கவில்லை. கால் அழுகி வாடை வந்த பிறகுதான் திருப்பதி அவளைப் புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினான். உயிர் பிழைத்தாள். முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள்.

வார்டு நர்ஸ் ஞானமணி குழைந்து பேசுகிறவள் அல்ல. "அழுதது போதும், எந்திரிச்சு ஒக்காரு. படுத்தே கெடந்தா முதுகும் புண்ணாயிரும்" என்று தூக்கி உட்கார வைத்தாள். புண்ணுக்கு மருந்து வைத்துக்கொண்டே கேட்டாள்: "வேலை குடுத்தவன் நஷ்டஈடு குடுத்தானா?"

"ஆரஞ்சுப் பழம் குடுத்தாரு."

"கால் போனதுக்கு ஆரஞ்சுப் பழமா? வேலையில அடிபட்டா வேலை குடுத்தவன் ஈடு கட்டணும்னு வெள்ளைக்காரன் காலத்துலேயே சட்டம் இருக்கு. ஒரு வருஷத்துக்குள்ள, அதை விசாரிக்கிற தொழிலாளர் கமிஷனருக்கு மனுப் போடணும். ஓரமா நின்னு அழுதா ஒண்ணும் வராது."

அன்று சாயங்காலம் திருப்பதியிடம் உண்ணாமலை இதைச் சொன்னாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"அது முடிஞ்சு போச்சு. அய்யனார் கோயில்ல சூடத்தை அணைச்சுட்டு வந்துட்டேன். இனி மேஸ்திரிகிட்ட எதுவும் கேக்க மாட்டோம்னு."

அந்த ஆட்களிடையே அதுதான் வழக்கம். யார் விழுந்தாலும் மேஸ்திரி வைத்தியச் செலவை ஏற்பார். விழுந்தவரின் வீட்டார் எரிகிற கற்பூரத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்வார்கள். அதற்குப் பிறகு பேச்சு கிடையாது.

"விழுந்தது நானு. போனது என் காலு. சூடம் அணைக்க நீ யாருய்யா?" அடுத்த கட்டில்காரிகள் திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள். "மயக்கத்துல கெடந்தவகிட்ட ஒரு வார்த்தை கேட்டியா? ஒன் கையில சூடு பட்டுச்சா? அதையாவது காட்டு, பாப்போம்!"

ஞானமணி வந்து அதட்டினாள், இரண்டு பேரையும்.

மில் தொழிலாளர்களுக்காக வழக்காடும் வக்கீல் ஒருவர் மனு எழுதிக் கொடுத்தார். உரிமையை விட்டுக்கொடுப்பதாகச் சொன்ன எந்த ஒப்பந்தமும் இந்தச் சட்டத்தின் முன் செல்லாது என்றார் அவர். கோயில் சத்தியமும் அப்படித்தான்.

"அதைச் சட்டம் சொல்லும். அய்யனாரு சொல்லுவாராங்க?" என்றான் திருப்பதி.

கமிஷனர் திருச்சிக்கு வந்து விசாரித்தார். கட்டைக்கம்பை ஊன்றி மாடிப்படி ஏறிப் போன உண்ணாமலைக்கு அங்கேதான் உண்மையான அடி விழுந்தது. சோலையப்பன் கைகட்டி நின்று சொன்னான்: "இந்தப் பொம்பளை என்கிட்ட வேலையே பாக்கலீங்க. நான் கூலி குடுத்தது திருப்பதிக்கு. இவ புருஷனுக்குக் கஞ்சி கொண்டாந்தா. வேடிக்கை பாக்க ஏறி விழுந்துட்டா."

இத்தனை வருஷம் சுமந்த சட்டியெல்லாம் ஒரு வாயில் இல்லாமல் போயிற்று. மற்ற ஆட்களைச் சாட்சிக்குக் கூப்பிட்டால் வரமாட்டார்கள். அவனிடம்தான் நாளைக்கும் வேலை. மிச்சம் திருப்பதி ஒருவன். அவன் வராந்தாவில் சுவரோரம் ஒடுங்கி நின்றான்.

உண்ணாமலை அவனிடம் போனாள்.

"எதுவும் கேக்க மாட்டேன்னு நீ சத்தியம் பண்ணுனே. சரி, கேக்காதே. கேக்குறது நானு. உண்ணாமலை சட்டி சுமக்கலேன்னு சத்தியம் பண்ணுனியா?"

"இல்லே."

"அப்ப உள்ள வந்து சுமந்தேன்னு சொல்லு. இல்லேன்னா இந்தப் படியிலேயே என்னைய விட்டுட்டுப் போ, இங்கிட்டு ஒரு மூலையில பிச்சை எடுத்துக்கிறேன். ஒன் அய்யனாரு வந்து போடட்டும்."

திருப்பதி உள்ளே போனான். சோலையப்பனைப் பார்க்காமல் பேசினான். "அவளும் வேலை பாத்தாங்க. என்னையவிடக் கூடவே பாத்தா. அவ கூலிய என் கையிலதான் குடுப்பாரு. நான்தான் வாங்குவேன்."

சோலையப்பனின் வக்கீல் விடவில்லை. கால் போனது வைத்தியர் கட்டியதால்தான், விழுந்ததால் இல்லை என்று வாதாடினார். "வைத்தியரிடம் கூட்டிப்போனது யார்?" என்று கமிஷனர் கேட்டார். சோலையப்பன் தன் வக்கீலைப் பார்த்தான்.

உத்தரவு வந்தது. பணத்தைச் சோலையப்பன் கமிஷனரிடம்தான் கட்ட வேண்டும், தனியாகக் கொடுத்துப் பேசி முடிக்கக் கூடாது. முழங்காலுக்குக் கீழே கால் போனால் உழைக்கும் சக்தியில் பாதி போனதாகச் சட்டம் கணக்கிடுகிறது, அந்தப் பாதிக்கு ஈடு என்று கமிஷனர் பொறுமையாக விளக்கினார்.

வக்கீல் சந்தோஷப்பட்டார். திருப்பதி கும்பிட்டான். உண்ணாமலை மட்டும் கம்பை ஊன்றி நின்ற இடத்திலேயே நின்றாள்.

"ஒரு காலோட சாரத்துல பாதி தூரம் ஏறலாமுங்களா, சாமி? பாதிச் சட்டி சுமக்க எந்த மேஸ்திரி கூப்பிடுவான்?"

கமிஷனர் பேனாவை மூடினார். சட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது என்றார்.

"அப்ப அதை எழுதுனவரு சட்டி சுமந்ததில்ல" என்றாள். கும்பிடவில்லை. திரும்பி, யாரும் பிடிக்க விடாமல், ஒவ்வொரு படியாக இறங்கினாள்.