நார் கட்டிய மொட்டு

கம்பெனியிலிருந்து ஒருநாள் அப்பா ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்த செடி அது. துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நட்டார். டே லில்லி என்றார். காலையில் விரியுமாம், பொழுது சாய்ந்தால் சுருண்டுவிடுமாம்.

“தலையில வைக்க ஆவாது, சாமிக்கும் ஆவாது. இதுக்கு எருவாம், தண்ணியாம்” என்றாள் அம்மா. ஆனாலும் அரிசி களைந்த தண்ணீர் தினமும் அங்கேதான் போனது.

என் கவலை வேறு. எங்கள் ஊர் மண்ணூரில் இருட்டு பிரியுமுன் கம்பெனி பஸ் அப்பாவை அள்ளிக்கொண்டு போகும். இருட்டிய பிறகு இறக்கிவிடும். ஞாயிற்றுக்கிழமையும் ஓ.டி. அங்கே அவர் பெரிய மெஷின் ஒன்றை ஓட்டுகிறார் என்பது என் நினைப்பு. நட்டவர் கண்ணிலேயே படாமல் ஒரு பூ பூக்கலாமா? முதல் மொட்டு ஆரஞ்சாக உப்பியதும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அம்மா மல்லிகையை மொட்டாகவே கட்டுவாள். அது சாயங்காலம் அவள் கூந்தலில் விரியும். கட்டி வைத்தால் பூ காத்திருக்கும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஈர வாழைநாரால், செடியில் இருந்தபடியே, அந்த மொட்டைச் சுற்றிச் சுற்றிக் கட்டினேன்.

மறுநாள் இருட்டியதும், வந்த அப்பாவைச் செருப்பைக்கூடக் கழற்றவிடாமல் இழுத்துப்போனேன். டார்ச் அடித்தார். நாரை அவிழ்த்தேன். உள்ளே நைந்து, நீர்விட்டு, கசக்கிய காகிதம்போல ஏதோ ஒன்று. எனக்கு உதடு பிதுங்கியது.

அப்பா மண்டி போட்டு அதை உள்ளங்கையில் ஏந்தினார். “அடேங்கப்பா! இன்னா கலரு பாப்பா இது! இப்படி ஒரு பூவ நான் பார்த்ததே இல்ல.”

பின்னால் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஆயுத பூஜையன்று குடும்பங்களைக் கம்பெனிக்குள் விட்டார்கள். மெஷின்களுக்கெல்லாம் சந்தனம், குங்குமம். அப்பா எங்களை அங்கே நிறுத்தாமல் வெளியே கூட்டிவந்தார். கேட்டிலிருந்து ஆபீஸ்வரை இரண்டு பக்கமும் அதே செடி, அதே ஆரஞ்சு. ஓரமாகப் பொட்டு வைத்த ஒரு மண்வெட்டி. மாலை போட்ட ஓஸ் பைப். அவற்றுக்குத்தான் அப்பா கற்பூரம் காட்டினார்.

“யப்பா, நம்ம வூட்டுப் பூவ இவங்களும் வச்சினுகீறாங்க!”

“ஆமா பாப்பா, நம்மளப் பார்த்துதான் வச்சிருப்பாங்க.”

வகுப்பு முழுக்க அந்தப் பெருமையைச் சொல்லித் திரிந்தேன். பகலெல்லாம் குனிந்து குனிந்து வாடிய பூக்களைக் கிள்ளிப் போட்ட மனிதர்தான், வீட்டுக்கு வந்து, இன்னொரு வாடிய பூவுக்கு முன்னால் மண்டி போட்டார் என்பது அப்போது எனக்குத் தெரியாது.