கைனாத் போன ஊர்

கைனாத்துக்கு நாற்பத்து நான்கு வயது. பல்லாவரத்தில் பெண்களுக்கு ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவள் தொழில். அவள் தெருவில் வண்டி ஓட்டுகிற எந்தப் பெண்ணும் ஒரு காலத்தில் அவளிடம் "பிரேக்க விடுடி!" என்று திட்டு வாங்கியவள்தான். புருஷனோடு ஒத்துவராது என்று தெரிந்ததும், ஜமாத்துக்குத் தானே போய் நின்று, கல்யாணத்தை முறித்துக்கொண்டு வந்தவள். அதிலிருந்து தெருவுக்கு அவளிடம் கொஞ்சம் பயம்.

பிறந்ததிலிருந்து தலைக்கு மேல் விமானம் போகிற ஊர். ஒன்றில்கூட ஏறியதில்லை என்கிற ஆத்திரம் அவளுக்குள் இருந்துகொண்டே இருந்தது. நாவலூரில் ஐ.டி. வேலை பார்க்கும் ப்ரியா, வண்டி கற்க வந்த இடத்தில் செல்போனில் ஒரு படம் காட்டினாள். தாய்லாந்தில் ஒரு தீவு. பௌர்ணமிதோறும் கடற்கரையில் கால் வைக்க இடமில்லாமல் ஜனம் கூடி ஆடுமாம். "முதுகுல ஒரே ஒரு பை, அவ்ளோதான். வரீங்களாக்கா?" என்று சும்மா கேட்டுவைத்தாள். கைனாத் அந்த வாரமே பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்துவிட்டாள்.

விசாரிக்க போலீஸ்காரர் வந்தபோதே விஷயம் பரவிவிட்டது. அந்தத் தெருவில் ஒரு பெண் பாஸ்போர்ட் எடுத்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான், மக்காவுக்கு உம்ரா யாத்திரை. எங்கே போகிறாய் என்று அவளை யாரும் கேட்கவில்லை. அவளும் வலியப் போய்ச் சொல்லவில்லை. உண்மை தெரிந்தவன் தம்பி ஜாகிர் மட்டும்தான்.

கிளம்புகிற அன்று, சாயங்கால அஸர் தொழுகை முடிந்ததும், மாலையும் பழமுமாகத் தெருவே வழியனுப்ப வந்து நின்றது. எதிர்வீட்டு சாஜிதா முதலில் வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"காபாவ கண்ணால பாத்ததும் என் பொண்ணுக்கு ஒரு துவா கேளுக்கா. அவ வயித்துல ஒண்ணும் தங்க மாட்டேங்குது." அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

கைனாத் உண்மையைச் சொல்ல வாயெடுத்தாள். ஜாகிர் அவளைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனான். தோல் வியாபாரி அவன். எதையும் பேசிச் சமாளித்துவிடலாம் என்று நினைக்கிறவன்.

"அக்கா, வாயத் தொறக்காத. நீ வர்றதுக்குள்ள பேரீச்சம்பழம், தஸ்பீஹ் மணி எல்லாம் மண்ணடியில வாங்கி வெச்சிர்றேன். யாருக்குத் தெரியப் போவுது?"

"மக்காவுலேர்ந்து கொண்டாற ஜம்ஜம் தண்ணிக்கு இன்னாடா பண்ணுவ? லாரித் தண்ணிய ரொப்புவியா?"

அவன் பார்வை மூலையில் இருந்த காலி பாட்டில்கள் பக்கம் போனது. அதையும் யோசித்து வைத்திருந்தான் போல.

"மானமே போயிடும்க்கா."

"ஆடப் போறதுல போவாது. அல்லா பேரச் சொல்லி ஊர ஏமாத்தினா, அப்பதான் போவும். நவுரு."

வாசலுக்கு வந்தாள். குரலை உயர்த்தியே சொன்னாள். "நான் உம்ராவுக்குப் போவல. தாய்லாந்துக்குப் போறேன். கடற்கரையில பார்ட்டி நடக்குது, ஆடிட்டு வரப் போறேன். என் சம்பாத்தியம், என் ஆசை. உம்ராவுக்குப் போறப்ப நானே வூடு வூடா வந்து சொல்றேன்."

யாரோ மாலையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்கள். சாஜிதா திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குள் போய்விட்டாள். கைனாத்துக்கு வலித்தது அது ஒன்றுதான். அதற்காகப் பயணத்தை விட்டுவிட முடியுமா? பையை முதுகில் மாட்டிக்கொண்டு நடந்தாள்.

தீவில் அப்படியொரு கூட்டம். பல்லாவரத்து வெள்ளிக்கிழமைச் சந்தையில் இடிபட்டு வளர்ந்தவளுக்கு அதெல்லாம் ஒரு கூட்டமா? துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டினாள். யாரோ நீட்டிய சரக்கைத் தள்ளிவிட்டு, இளநீர் வாங்கிக் குடித்தாள். ஆசை தீர, கால் கடுக்க ஆடினாள். கூட வந்த ப்ரியா அதைக் கைனாத்தின் செல்போனில் வீடியோ எடுத்தாள். கிழக்கு வெளுக்கத் தொடங்கியபோது கூட்டத்தை விட்டுத் தள்ளிப் போய், துப்பட்டாவை அவிழ்த்துத் தலையை மூடி, துண்டை விரித்துத் தொழுதாள். சாஜிதாவின் மகளுக்காக மனமுருகக் கேட்டாள்.

திரும்பி வந்ததும் பையைக்கூட இறக்காமல் எதிர்வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"உன் பொண்ணுக்குத் துவா கேட்டேன்."

"எங்க?"

"அங்கதான். ஆடி முடிச்சிட்டு."

சாஜிதா அவளை முறைத்துக்கொண்டே நின்றாள். பிறகு தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, குரலை இறக்கினாள். "ஆடுன வீடியோ எதுனா கீதா? உள்ள வா, கதவச் சாத்திக்கலாம்."

"கதவ இன்னாத்துக்குச் சாத்தணும்?" என்ற கைனாத், செல்போனின் சத்தத்தைக் கூட்டி, வாசலிலேயே போட்டுக் காட்டினாள்.