மாப்பிள்ளையின் எஃப் டென்

கருமத்தம்பட்டியில் ஒரு விசைத்தறித் துணிக் கம்பெனியில் நான் பில் போடும் ஆபரேட்டர். ஆபீசுக்கு ஒரே கம்ப்யூட்டர், டாஸ் ஓடுவது. துணி மூட்டைகளான பேல்கள் லாரியில் ஏறிய பிறகுதான் பில்லை அச்சடிக்க வேண்டும். சரியாக அந்த நேரத்தில் முதலாளியின் மாப்பிள்ளை சாப்பிட்டுவிட்டு வந்து, என் நாற்காலியில் உட்கார்ந்து சீட்டாட்டம் ஆடுவார். காங்கேயத்து எண்ணெய் மில் குடும்பம். எங்கள் பக்கம் மாப்பிள்ளையை எழுந்திருக்கச் சொல்ல மாமனாருக்கே வாய் வராது. எனக்கு எப்படி வரும்?

கமாண்ட் எதுவும் அவருக்கு நினைவில் நிற்காது. எஃப் டென் கீயை அழுத்தினால் ஆட்டம் வரும்படி மெஷினைப் போட்டதும் தானாக ஓடும் ஆட்டோஎக்ஸெக் ஃபைலில் எழுதிக் கொடுத்திருந்தேன்.

லாரி இரண்டு முறை தாமதமானதும் முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"இன்னைக்கும் லாரி நின்னா, நாளைக்கு வேற எடம் பாத்துக்குங்க, அம்மணி."

மாப்பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அன்று காலையிலேயே பில் விவரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவைத்தேன். மாப்பிள்ளை வருவதற்குள் டாஸ் பிராம்ப்டில் ஒரு வரி தட்டினேன்:

prompt $e[0;68;"bill";13p

68 எஃப் டென், bill பில் அச்சடிக்கும் புரோகிராம், 13 என்டர். இனி எஃப் டென்னைத் தொட்டால் பில் அச்சாகும்.

மாப்பிள்ளை தொட்டார். பிரின்டர் கத்தத் தொடங்கியது. என்ன நடக்கிறதென்று தெரியாதவராகக் காட்டிக்கொள்ள மனமில்லாமல், பேப்பரைப் பார்த்துத் தலையாட்டினார். லாரி நேரத்துக்குக் கிளம்பியது. உள்ளே வந்த முதலாளிக்குப் பூரிப்புத் தாங்கவில்லை.

"மாப்பிள்ளை தொழிலப் புடிச்சுப்போட்டாருங்க. நாளையிலிருந்து பில்லு அவரே போடட்டும். நீங்க குடோன்ல பேல் எண்ணுங்க."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. குடோனில் உட்கார்ந்து என்னையே திட்டிக்கொண்டேன்.

மறுநாள் பேல் கணக்கைக் கொடுக்க ஆபீசுக்குப் போனேன். லாரி வெளியே நின்றது. துணி வாங்க வந்த பாய் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, மாப்பிள்ளையின் திறமையைக் காட்டிக்கொண்டிருந்தார் முதலாளி. மாப்பிள்ளை கம்பீரமாக எஃப் டென்னை அழுத்தினார்.

பாய் திரையை எட்டிப் பார்த்தார். "ஏனுங்க, பில்லுல ராஜா ராணியெல்லாம் வாராங்க?"

மாப்பிள்ளை தானாகவே எழுந்துகொண்டார். முதலாளி என் முகத்தைப் பார்க்காமல் நாற்காலியைக் காட்டினார்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். பிராம்ப்டில் தட்டிய வரி மெஷினை அணைத்ததும் போய்விடும். ஆட்டோஎக்ஸெக்கில் எழுதியது ஒவ்வொரு நாளும் திரும்பி வரும். அப்படியானால் அந்த ஆட்டத்தை ஏன் அங்கேயே விட்டுவைத்தீர்கள் என்று கேட்பார்கள்.

மாப்பிள்ளைக்குக் கொடுத்ததைத் திருப்பி வாங்குகிற வழக்கம் எங்கள் பக்கம் இல்லை.