மிலூத் இறக்காத சுவிட்ச்

எங்கள் ஊர் சப்ஸ்டேஷனில் மிலூத்தும் நானும் ஒரே ஷிஃப்ட். கோடை வந்துவிட்டால் தலைநகர் திரிப்போலியிலிருந்து போன் வரும், லைன் தாங்காது, உங்கள் ஊரைக் கொஞ்ச நேரம் அணையுங்கள் என்று. எல்லா ஊருக்கும் முறை உண்டு. ஆனால் எந்த ஊரும் அணைக்காது. ஒவ்வோர் ஊரிலும் துப்பாக்கியோடு பையன்கள் சுவிட்சுக்குக் காவல் இருப்பார்கள். எங்கள் ஊர்ப் பையன்களுக்குத் தலைவன் ஹைஸம், மிலூத்தின் சொந்த அண்ணன் மகன்.

யாரிடம் போய் முறையிடுவது? திரிப்போலியில் ஓர் அரசாங்கம், கிழக்கே இன்னோர் அரசாங்கம். இரண்டும் எங்களுக்குத் தனித்தனியாக ஒரு மேலதிகாரியை நியமித்திருந்தன. மிலூத் இருவரிடமும் காவல் கேட்டான். இவர் அவரைக் கேள் என்றார், அவர் இவரைக் கேள் என்றார். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். எங்கள் கூத்தாடிகள் கையில் துப்பாக்கி இருந்தது.

அந்த ஆகஸ்டில் மிலூத்தின் மனைவி மப்ரூக்காவுக்கு இதய அறுவை சிகிச்சை நடந்தது. பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் மெஷின் வைத்துத்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். அந்த ஊருக்கும் இதே லைனிலிருந்துதான் கரண்ட்; எங்கள் சுவிட்ச் எங்கள் ஊரை மட்டும்தான் அணைக்கும். நண்பகலில் போன் வந்தது. உடனே அணைக்காவிட்டால் மொத்த லைனும் விழுந்துவிடும் என்றார்கள். மிலூத் எழுந்தான்.

ஹைஸம் சுவிட்சுக்கு முன்னால் நாற்காலி போட்டு மக்ரோனி தின்றுகொண்டிருந்தான்.

"எங்க சித்தப்பா கிளம்பிட்டீங்க?"

"வழி விடுடா. லைன் விழுந்தா உன் சின்னம்மா மெஷின் நின்னுடும்."

"ஆஸ்பத்திரியில ஜெனரேட்டர் இல்லாமலா இருக்கும்?"

"டீசல் கிடையாதுடா. எந்த அரசாங்கம் வாங்கித் தரணும்னு சண்டை போட்டுக்கிட்டு இருக்கானுங்க."

"அப்ப மத்த ஊர்க்காரன் அணைக்கட்டும். நாம மட்டும் என்ன இளிச்சவாயனுங்களா?" துப்பாக்கியை மடியில் எடுத்து வைத்துக்கொண்டான். "நீங்க தொட்டீங்கன்னா, நாளைக்கு உங்க பையனுக்கு இந்த ஊர்ல எவன் பொண்ணு குடுப்பான்?"

மிலூத் அவனிடம் கெஞ்சிக்கொண்டிருக்கும்போதே விளக்கு அணைந்தது. கடற்கரை முழுக்க ஒரே நேரத்தில் கரண்ட் போயிற்று.

காரை விரட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். நர்ஸுகள் மாற்றி மாற்றிக் கையால் காற்றுப் பையை அமுக்கி மூச்சுக் கொடுத்துப் பார்த்தார்களாம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது முகத்தை மூடியிருந்தார்கள்.

துக்கத்துக்கு மிலூத் வீட்டு வாசலில் கூடாரம் போட்டோம். கரண்ட் இன்னும் வரவில்லை. பொழுது சாயும் நேரத்தில் ஹைஸம் ஒரு ஜெனரேட்டரை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினான், வெட்கங்கெட்டவன். "சின்னம்மா துக்கத்துல இருட்டு இருக்கக் கூடாது" என்றான். ஊர்ப் பெரியவர்கள் அவனுக்காகக் கையேந்தித் துஆ செய்தார்கள்.

ஆனால் அந்தத் தடியனுக்கு வயரை எங்கே மாட்டுவது என்று தெரியவில்லை. தடவிக்கொண்டே நின்றான். மிலூத் ஆட்களுக்கு நடுவிலிருந்து எழுந்து அவனிடம் போனான். அறைவான் என்று நினைத்தேன். அறையட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

"தள்ளுடா, ஷாக் அடிச்சிடப் போகுது" என்று அவன் கையிலிருந்து வயரை வாங்கினான் மிலூத்.